எம்.எல்.ஏ. ஆபீஸ்ல இருந்து பேசுதேன்

நாகர்கோவிலா நீங்க? அப்ப ஒரே விமானம்தான், உக்காருங்க அண்ணாச்சி. போன்ல நீங்க பேசுனதக் கேட்டவுடனே நெனச்சேன், நம்ம பக்கத்து ஆளுன்னு. எனக்குக் கோவில்பட்டி. அந்தப் பையத் தூக்கிக் கீழ வச்சிட்டு நல்லா சாஞ்சு உக்காருங்க. நாம இங்க மாறி ஏறப் போற திருவனந்தபுரம் விமானத்துக்கு இன்னும் கேட் நம்பரே போடல.

மகனப் பாத்துட்டு வாரீகளா? நல்லது. நான் மக வீட்டுல இருந்து வாரேன். நாலு வருஷம் இருந்தேன், இனிமே அந்தப் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேன். ஏன்னு கேக்க மாட்டீங்களா? நீங்க கேக்காட்டாலும் சொல்லத்தான் போறேன், உள்ளயே வச்சுக்கிட்டு இருந்தா வயித்தெரிச்சல்தான் மிச்சம். எம் மக எம்.எல்.ஏ. அண்ணாச்சி. அமெரிக்காவுல. இருந்தா. இப்பப் பதவி இல்ல.

அங்க எம்.எல்.ஏ.ன்னு சொல்ல மாட்டானுக, ரெப்ரசென்டேட்டிவ், அது இதுன்னு வாய் நெறையச் சொல்லுவானுக. மாநிலச் சட்டசபைக்குப் போறா, கைதூக்கி ஓட்டுப் போடுதா, சட்டம் கொண்டு வாரா. பின்ன அதுக்கு என்ன பேரு? எந்த மாநிலம்னு மட்டும் கேக்காதீங்க. சொன்னா உங்க மகன் செல்லுல தட்டி யாருன்னு பாத்திருவாப்ல. நாறுனது போதும். பனி கொட்டுத ஊருன்னு வச்சுக்கிடுங்க.

நான் யாருன்னு முதல்ல சொல்லணும்லா. முப்பது வருஷம் கட்சியில கெடந்தவன். ஒன்றியச் செயலாளர். சுவர்ல சுண்ணாம்பு அடிச்சுச் சின்னம் வரஞ்சதுல இருந்து மறியல்ல அடிவாங்குனது வரைக்கும் எல்லாம் பாத்தாச்சு. ஒவ்வொரு சட்டசபை எலெக்சனுக்கும் விருப்ப மனு குடுப்பேன். சென்னைக்குப் போயி நேர்காணல்ல கைகட்டி நிப்பேன். "அடுத்த தடவ பாக்கலாம்"னுவாங்க. அடுத்த தடவ பாத்தா, கல்குவாரி வச்சிருக்கவன் ஒருத்தன், கட்சியில சேந்து மூணு மாசம் ஆகல, அவனுக்குச் சீட்டு. அவனுக்கும் நான்தான் ஓட்டுக் கேட்டேன். அவன் ஜெயிச்சான். ஜெயிச்ச பெறகு அவன் வீட்டு வாசல்ல நான் நின்னேன், மத்தவங்க மனுவ வாங்கிக்கிட்டு. என்ன செய்ய, நம்ம ராசி அப்படி.

எம் மக பேரு வெற்றிச்செல்வி. பஞ்சாயத்து எலெக்சன் முடிவு வந்த அன்னைக்குப் பொறந்தா, அதான் அந்தப் பேரு. படிச்சா, கல்யாணம் ஆச்சு, மாப்பிள்ளைகூட அங்க போனா, மருந்துக்கடையில பார்மசிஸ்ட்டா வேல பாத்தா. அப்புறம் அந்த ஊரு பள்ளிக்கூட போர்டுல நின்னு ஜெயிச்சா. அதுவரைக்கும் நான் பெருசா எடுத்துக்கிடல. பள்ளிக்கூட போர்டுதான, நம்ம பெற்றோர் ஆசிரியர் கழகம் மாதிரின்னு நெனச்சேன். ஒரு நாள் போன் போட்டு, "அப்பா, நான் ஸ்டேட் ஹவுஸுக்கு நின்னேன், ஜெயிச்சிட்டேன்"னு சொல்லுதா. நின்னதையே சொல்லல பாருங்க, ஜெயிச்சப்புறம் சொல்லுதா.

நான் என்ன செஞ்சேன்னா, பஸ் ஸ்டாண்டு முன்னால பத்தாயிரம்வாலா வெடிச்சேன். பிளக்ஸ் போர்டு வச்சேன். 'அமெரிக்காவின் சட்டமன்ற உறுப்பினரைத் தந்த எங்கள் அண்ணன்'னு போட்டு, என் படம் பெருசா, பாப்பா படம் ஓரமா. அந்தக் கல்குவாரிக்காரன் கார்ல போகும்போது கண்ணாடிய எறக்கிப் பாத்துட்டுப் போனான். அது ஒண்ணு போதும்னு தோணுச்சு. அடுத்த மாசமே விமானம் ஏறிட்டேன்.

ஏர்போர்ட்டுல கொடி கட்டுன கார் வரும்னு நெனச்சு, கரைவேட்டி மாத்திக்கிட்டு வெளிய வாரேன். எம்.எல்.ஏ. தன்னந்தனியா வந்து நிக்கா. முழங்கால் வரைக்கும் பூட்ஸு. என் பெட்டிய அவளே தூக்கி டிக்கியில வைக்கா. "டிரைவர் எங்க?"ன்னேன். "நான்தான்ப்பா"ன்னா. மறுநாள் காலையில எந்திரிச்சுப் பாத்தா வாசல்ல பனிய அள்ளிப் போட்டுக்கிட்டு இருக்கா. பக்கத்து வீட்டு வெள்ளக்காரன் அந்த வழியாப் போனவன், "ஹாய் வெட்ரி"ன்னுட்டுப் போறான். பேரச் சொல்லிக் கூப்பிடுதான் அண்ணாச்சி. ஒரு மேடம் இல்ல, ஒண்ணு இல்ல.

ஆபீஸப் பாக்கணுமே. ஒரு ரூம்பு, அதுல ஒரு மேசை. உதவிக்கு ஒரே ஒரு பொண்ணு, அதும் இன்னொரு எம்.எல்.ஏ.கூடப் பங்கு. சம்பளம் நம்ம ஊரு வாத்தியாருக்கு வருதே, அந்தக் கதைதான். அதனால பாதி நாளு மருந்துக்கடைக்கும் போவா. சனிக்கிழமையானா ஊரு நூலகத்துல ஒரு அறைய எடுத்துக்கிட்டு, வாரவனுக்கெல்லாம் அவளே காபி ஊத்திக் குடுத்து, அவன் திட்டுறதக் கேப்பா. ரோட்டுல குழிங்கான், வரி கூடிப்போச்சுங்கான். ஒரு கெழவன் விரல நீட்டி நீட்டிப் பேசுதான். எனக்குக் கையெல்லாம் துடிக்கி. இவ தலைய ஆட்டி ஆட்டிக் கேட்டுட்டு, "நீங்க சொல்றது சரி, நான் அப்படி ஓட்டுப் போட்டிருக்கக் கூடாது"ங்கா. நான் தலையில அடிச்சுக்கிட்டேன். வெளிய வந்து கேட்டேன், "ஏம் பாப்பா, தப்புன்னு நீயே ஒத்துக்கிட்டா நாளைக்கு எவன் மதிப்பான்?" "அப்பதான்ப்பா மதிப்பாங்க"ன்னா. அரிச்சந்திரனுக்கு அடுத்த வீட்டுல பொறந்தவ மாதிரி.

ஓட்டுக் கேக்குறதும் அப்படித்தான். கூட்டம் கெடையாது, மைக் கெடையாது. வீடு வீடாப் போயி கதவத் தட்டணும். அவளே தட்டணும். அங்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ எலெக்சன், ரெண்டாவது எலெக்சனுக்கு நானும் கூடப் போனேன். எம்.எல்.ஏ.வ வாசல்ல நிறுத்தி வச்சு, உள்ள இருந்து நாய் கொலைக்க, அவன் சாண்ட்விச் தின்னுக்கிட்டே பேசுதான். நம்ம ஊர்ல ஜெயிச்ச பெறகு மக்கள்தான் நம்ம வாசலுக்கு வரணும். அந்தக் கெத்தே இல்லாத பதவி எதுக்குன்னு கேக்கேன். ஆனா ஜெயிச்சா, அது உண்மை. ரெண்டாவது தடவ முதல் தடவையவிட நல்லாவே ஜெயிச்சா.

அப்பதான் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். பிள்ளைக்கு அரசியல் தெரியல. நல்ல மனசு இருக்கு, உழைப்பு இருக்கு, ஆனா நாலு பேருக்கு நாலு காரியம் செஞ்சு குடுத்து நம்ம ஆளுன்னு சேத்து வைக்கத் தெரியல. அத நாம செய்வோம்னு நெனச்சேன். தகப்பன் செய்யாம வேற எவன் செய்வான்?

ஞாயித்துக்கிழமையானா அங்க தமிழ்ப்பள்ளி உண்டு. ஒரு ஹைஸ்கூல வாடகைக்கு எடுத்து நடத்துதாங்க. பிள்ளைக உள்ள அனா ஆவன்னா படிக்கும். பெத்தவங்க கேன்டீன்ல உக்காந்து செல்லப் பாத்துக்கிட்டு இருப்பாங்க. நான் போயி ஓரமா ஒரு மேசையப் புடிச்சேன். முதல்ல சும்மா பேச்சு. "ஐயா, நீங்க வெற்றி மேடத்தோட அப்பாவா?"ன்னு கேப்பாங்க. பெறகு கொஞ்சம் கொஞ்சமா மனு வர ஆரம்பிச்சுச்சு. ஒருத்தருக்கு வீட்டச் சுத்தி வேலி போட அனுமதி குடுக்க மாட்டேங்கான். ஒருத்தர் வேகமா ஓட்டி அபராதம் வாங்கிட்டாரு. ஒருத்தர் மகனுக்கு ஸ்டேட் யூனிவர்சிட்டியில இடம் வேணும். "பாப்பாட்ட சொல்லுதேன், ஆயிரும்"பேன். எத்தன வருசம் கழிச்சு அந்த வார்த்தைய நான் சொந்தமாச் சொல்லுதேன் தெரியுமா? இத்தன காலமும் "அண்ணன்ட்ட சொல்லுதேன்"னு எவனோ ஒருத்தன் பேர்லதான சொன்னேன்.

சாப்பிடும்போது பாப்பாட்ட சொல்லுவேன். அவ ஒரே பாட்டுதான். "அவங்கள ஆபீஸுக்கு ஒரு மெயில் போடச் சொல்லுங்கப்பா, விசாரிச்சுச் சொல்லுவோம். நீங்க எதும் வாக்குக் குடுக்காதீங்க." மெயிலு போட்டா அது மனுவா? கையில வாங்குனாத்தான மனு. நான் அவங்கட்ட போயி, "சொல்லிட்டேன், மேடம் கவனிச்சிக்கிடுவாங்க"ன்னுவேன். அந்த யூனிவர்சிட்டிப் பையனுக்கு இடம் கெடச்சிருச்சு. அவன் படிக்கிற பையன்தான், இல்லங்கல. இருந்தாலும் நாம மனசுல வச்சமுல்லா? பொங்கல் விழாவுல அவங்க அப்பா மேடையேத்தி எனக்குப் பொன்னாட போட்டாரு. எனக்கு. முப்பது வருஷம் மத்தவனுக்கு நான் போட்ட பொன்னாட எத்தன, என் தோள்ல விழுந்தது அதான் முதல் தடவ. மாப்பிள்ளை கூட்டத்துல இருந்து எந்திரிச்சு வெளிய போயிட்டாரு. அவரு சாப்ட்வேரு, வாயத் தொறந்து ஒரு வார்த்தை பேச மாட்டாரு.

இங்கதான் அந்தப் பொண்ணு வாரா. ஜெசிந்தா. தூத்துக்குடிக்காரி. நம்ம ஊருப் பெரிய ஆஸ்பத்திரியில தீவிர சிகிச்சைப் பிரிவுல நர்ஸா இருந்த பிள்ள. அங்க வந்து வயசானவங்க விடுதியில, வெள்ளக்காரக் கெழடுகளக் குளிப்பாட்டி விட்டுக்கிட்டு இருக்கா. நர்ஸ் லைசென்ஸு குடுக்கணும்னா அதுக்குன்னு ஒரு போர்டு இருக்கு, அங்க அவ ஃபைலு கெடக்கு. பரீட்ச எழுதிப் பாஸ் பண்ணிட்டா. ஆனா இங்க இருந்து அந்தப் பேப்பரு வரணும், அங்க இருந்து இந்தப் பேப்பரு வரணும்னு இழுத்துக்கிட்டே கெடக்கு. இத மாதிரி நெறையப் பேரு இருக்காங்க, நம்ம நாடு மட்டும் இல்ல, எல்லா நாட்டுக்காரங்களும். பாப்பா அதுக்குத்தான் ஒரு சட்டம் கொண்டு வந்தா. ஃபைலு முடியுறதுக்குள்ள தற்காலிகமா ஒரு லைசென்ஸு குடுத்து வேல பாக்க விடுன்னு. அந்த ஒரு சட்டத்துக்காக நாயா அலஞ்சா. எதிர்க்கட்சிக்காரன் வீட்டுக்கெல்லாம் போயி உக்காந்து பேசுனா. முதல் தடவ ஜெயிச்சதுல இருந்து அவளுக்கு அது ஒண்ணுதான் நெனப்பு.

ஒரு ஞாயித்துக்கிழமை இந்த ஜெசிந்தா கேன்டீன்ல தனியா உக்காந்து டப்பாவத் தொறந்து வச்சுக்கிட்டுத் தின்னாம இருக்கா. "என்னம்மா, மூஞ்சி வாடிப்போயி இருக்கு?"ன்னு நானாத்தான் கேட்டேன். விசயத்தச் சொன்னா. "ஃபைலு நம்பரச் சொல்லு"ன்னேன். "வேண்டாம்யா. அக்கா சட்டம் கொண்டு வாராங்கள்லா, அது வந்தா எல்லாருக்கும் சரியாயிரும். நான் காத்திருக்கேன்"ன்னா. "அட போம்மா, சட்டம் என்னைக்கு வர, நீ என்னைக்கு நர்ஸாக? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்லா. பூசாரிய எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியும். இது ஒரு போன்ல முடியுற காரியம்"னேன். தயங்கித் தயங்கித்தான் நம்பரச் சொன்னா.

மறுநாள் காலையில வீட்டுல யாரும் இல்ல. அந்த நர்ஸ் போர்டுக்குப் போன் போட்டேன். அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க, நம்ம ஊர்ல தாலுகா ஆபீஸுக்கு எப்படிப் போன் போடுவோம்? "எம்.எல்.ஏ. ஆபீஸ்ல இருந்து பேசுதேன்." அவ்வளவுதான, அந்தப் பக்கம் ஆள் எந்திரிச்சு நின்னுருவான். வாழ்நாள் பூரா நான் சொன்ன வாக்கியம் அது. எவனுக்கோ சொன்னத எம் மகளுக்குச் சொன்னேன், அதுல என்ன தப்பு? இங்கிலீஷ்ல சொன்னேன். ரெப்ரசென்டேட்டிவ் ஆபீஸு, நான் அவங்க பி.ஏ.ன்னேன். போன எடுத்த பொம்பள நல்ல மரியாதையாத்தான் பேசுனா. "சார், எல்லா ஃபைலும் வரிசைப்படிதான் எடுப்போம்"னா. எனக்கு வந்துச்சே கோவம். "வரிசையெல்லாம் பொதுஜனத்துக்கு. எங்க மேடம் உங்களுக்குப் பணம் ஒதுக்குற கமிட்டியில இருக்காங்க. அத ஞாபகம் வச்சுக்கிட்டு அந்த ஃபைலப் பாருங்க"ன்னேன். அவ ஃபைலு நம்பர இன்னொரு தடவ கேட்டு எழுதிக்கிட்டா. பெறகு தேங்க்யூ சார்னு வச்சிட்டா. காரியம் முடிஞ்சதுன்னு நெனச்சேன்.

பேச ஆரம்பிக்கிறதுக்கு முன்னாலயே, இந்த அழைப்பு பதிவு செய்யப்படும்னு ஒரு குரல் சொல்லத்தான் செஞ்சுச்சு. நம்ம பேங்குக்குப் போட்டாலும் அதத்தான சொல்லுதான். எவன் ஒக்காந்து கேக்கான்?

கேட்டிருக்கான். எதிர்க்கட்சிக்காரன் தகவல் கேக்குற சட்டம் ஒண்ண வச்சு அத வாங்கிட்டான்.

பாப்பாவோட சட்டம் கமிட்டிக்கு வந்த அன்னைக்கு நான் பார்வையாளர் மாடத்துல உக்காந்திருக்கேன். வேட்டி சட்டையோட, மேல கோட்டப் போட்டுக்கிட்டு. பாப்பா எந்திரிச்சுப் பேசுனா பாருங்க. எனக்குப் பாதிதான் புரிஞ்சது, ஆனா அந்த நிமிர்வு, அந்த நிதானம்! கமிட்டித் தலைவரு தலைய ஆட்டிக் கேக்காரு. பாஸாயிரும்னு பக்கத்துல இருந்த பொம்பள சொல்லுதா. அப்ப எதிர்க்கட்சி ஆளு ஒருத்தன் கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒரு தாள எடுத்து வாசிக்கான். வரிசையெல்லாம் பொதுஜனத்துக்கு, எங்க மேடம் பணம் ஒதுக்குற கமிட்டியில இருக்காங்கன்னு வாசிக்கான். யாரோ எவனோ, வெவரமான ஆளுடா, அதிகாரிகிட்ட இப்படித்தான் பேசணும்னு நெனச்சு நான் சிரிச்சுட்டேன். சிரிச்ச பெறகுதான் அது நான் பேசுனதுன்னு மண்டையில ஏறுச்சு. பாப்பா திரும்பி மாடத்தப் பாத்தா. நான் அப்பவும் சிரிச்ச மூஞ்சியாத்தான் இருந்திருக்கேன் போல.

சட்டத்த அன்னைக்கே ஓரங்கட்டிட்டானுக. அப்பாவோட ஆளுகளுக்காகக் கொண்டு வந்த சட்டம்னு பேரு கட்டிட்டானுக. அந்த ஜெசிந்தா ஃபைலையும் விசாரணைன்னு தனியா எடுத்து வச்சுட்டானுக. அவ என்ன செஞ்சா தெரியுமா? அடுத்த ஞாயித்துக்கிழமை கேன்டீன்ல என்னப் பாத்துட்டு எந்திரிச்சு வேற மேசைக்குப் போயிட்டா. யாருக்காகப் போன் பண்ணேன் நான்? எனக்கா லைசென்ஸு? நன்றி கெட்ட உலகம் அண்ணாச்சி.

வீட்டுல பாப்பா சத்தம் போடல. போட்டிருந்தாலாவது நல்லா இருந்திருக்கும். அடுப்படியில நின்னுக்கிட்டு, "ஜெசிந்தா எனக்கு ஒரு மெயில் போட்டிருந்தா நாங்களே முறையாக் கேட்டிருப்போமேப்பா. எதுக்குப்பா அந்தக் கமிட்டிப் பேச்சு?"ன்னா.

"நீ அந்தக் கமிட்டியில இருக்கியா இல்லியா?"

"இருக்கேன்."

"பின்ன? பொய்யா சொன்னேன்?"

வெங்காயத்த எடுத்து வெட்ட ஆரம்பிச்சா. பெறகு, "அந்த போன எடுத்த பொம்பள பயந்து போயிட்டாங்கப்பா. வேல போயிருமோன்னு அவங்க மேலதிகாரிகிட்ட அழுதிருக்காங்க"ன்னா. பயப்படணும்னுதான சொன்னேன்? எனக்கு இவ பேசுறதே புரியல.

எலெக்சன் வந்துச்சு. ரேடியோவத் தொறந்தா என் குரலு. வீடு வீடா ஒரு நோட்டீஸு வருது, 'ஆபீஸை நடத்துவது யார்?'னு கேட்டு, பொன்னாடையோட என் படம், முழுப் பக்கத்துக்கு. உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன, படம் நல்லாத்தான் இருந்துச்சு. முப்பது வருஷம் உழைச்ச கட்சி என் படத்தப் போட்டு ஒரு நோட்டீஸு அடிச்சதில்ல, எதிர்க்கட்சிக்காரன் அடிச்சான். ஒண்ண மடிச்சுப் பெட்டியில வச்சிருக்கேன்.

அப்ப பாப்பாவுக்குத் தேர்தல் வேல பாக்க பிரையன்னு ஒரு பய இருந்தான். காதுல கடுக்கன். ஆனா மூளைக்காரன். அவன் ஒரு வழி சொன்னான். அப்பாவுக்கு வயசாச்சு, மறதி நோயி, என்ன பேசுதோம்னு தெரியாமப் பேசிட்டாருன்னு பத்திரிகைக்காரங்ககிட்ட சொல்லிருவோம், ஜனங்க எரக்கப்படுவாங்க, அவங்க வீட்டுலயும் இப்படிக் கெழவன் கெழவி இருக்கும்லான்னான். எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. "நல்ல யோசனை"ன்னேன். "சொல்லு பாப்பா. நான் வேணும்னா பத்திரிகைக்காரன் முன்னால வந்து பேந்தப் பேந்த முழிக்கேன். மறியல்ல போலீஸ் தூக்கும்போது மயக்கம் போட்டு விழுந்தவன் நான், எனக்கு நடிக்கவா தெரியாது?"ன்னேன். பிரையனுக்கு அத அவளே இங்கிலீஷ்ல சொன்னா. அவன் சிரிச்சான். இவ சிரிக்கல.

மறுநாள் நூலகத்துக்கு முன்னால நின்னு பேசுதா. கேமராவெல்லாம் வந்திருக்கு. நான் வீட்டுல டிவியில பாக்கேன், முழியெல்லாம் தயார் பண்ணி வச்சுக்கிட்டு. "அந்தக் குரல் என் அப்பாவோடது. அவருக்கு எந்த நோயும் இல்ல, அவரு புத்தி நல்லாத் தெளிவா இருக்கு. தெரிஞ்சேதான் செஞ்சாரு. அது தப்பு. போன எடுத்த அந்த அம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுட்டேன்"னா. எவனோ ஒருத்தன், அப்பாவ வீட்ட விட்டு அனுப்பிருவீங்களான்னு கேக்கான். "அவரு என் அப்பா. என் வீட்டுலதான் இருப்பாரு"ன்னுட்டு எறங்கிப் போயிட்டா.

நுணலும் தன் வாயால கெடும்னு சும்மாவா சொன்னான். தன் வாயாலயே கெட்டா. ஒரு பொய், அதும் என்னப் பத்துன பொய்யி, நானே சரின்னு சொன்ன பொய்யி. சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பா. அப்பனப் பைத்தியம்னு சொல்ல மனசு வரலியாம், தெரிஞ்சேதான் தப்புப் பண்ணாருன்னு ஊரு உலகத்துக்கு முன்னால சொல்ல மட்டும் மனசு வந்துச்சு. இது என்ன ஞாயம்னு நீங்களே சொல்லுங்க. ஊர்ல இருந்து போன் மேல போன். அந்தக் கல்குவாரிக்காரன்கூடக் கூப்பிட்டு, "அண்ணே, ஒடம்பு எப்படி இருக்கு?"ன்னு விசாரிக்கான். விசாரிக்கானாம்!

தோத்தா. கொஞ்ச ஓட்டுலதான் தோத்தா. தோத்தவுடனே ஜெயிச்சவனுக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொல்லுதா, அது அங்க வழக்கமாம். மறு எண்ணிக்கை கேளு, கோர்ட்டுக்குப் போன்னு எவ்வளவோ சொன்னேன். "மக்கள் சொல்லிட்டாங்கப்பா"ன்னா. ஆபீஸக் காலி பண்ணி ஒரு அட்டைப்பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்து கார் ஷெட்டுல வச்சா. மறுநாள் காலையில வழக்கம்போல மருந்துக்கடைக்குப் போயிட்டா. சாயங்காலம் வந்து எனக்குத் தோசை சுட்டுப் போட்டா. "இப்ப நெறைய நேரம் இருக்குப்பா, இனி நாம ரெண்டு பேரும் எங்கயாவது போயிட்டு வரலாம்"னா. சிரிச்ச மூஞ்சியா இருந்தா அண்ணாச்சி. பதவி போனவ அப்படி இருப்பாளா? நான் தோசையப் பாதியிலயே வச்சிட்டு எந்திரிச்சிட்டேன்.

நான் என்ன செய்வேன் அங்க? தமிழ்ப்பள்ளிக்குப் போனா ஒருத்தனும் பக்கத்துல வந்து உக்கார மாட்டேங்கான். பொன்னாட போட்டவன் வணக்கம்கூடச் சொல்ல மாட்டேங்கான். சனிக்கிழமை நூலகத்துல வேற எவனோ காபி ஊத்துதான். வீட்டுல உக்காந்து பனியப் பாத்துக்கிட்டே இருக்கணும். ஒரு வாரம் பொறுத்துப் பாத்தேன். டிக்கெட் போடுன்னுட்டேன். அவ போடல, மாப்பிள்ளைதான் போட்டாரு.

ஏர்போர்ட்டுக்கு அவதான் கார் ஓட்டிக்கிட்டு வந்தா. பெட்டிய எறக்கி வச்சிட்டு, "எம் மேல கோவமாப்பா?"ன்னா. "கோவம் என்ன, வருத்தம்தான். இனி இங்க எனக்கு என்ன வேல?"ன்னேன். அப்படியே என் கையப் புடிச்சுக்கிட்டா. "நான் இங்க வந்த நாள்ல இருந்து உங்கள வாங்க வாங்கன்னு கூப்பிட்டேன். அம்மா செத்தப்பக் கூப்பிட்டேன். எனக்குக் குழந்தை தங்காமப் போயி ஆஸ்பத்திரியில கெடந்தப்பவும் கூப்பிட்டேன். கட்சி வேலன்னீங்க. ஜெயிச்சேன்னு சொன்னவுடனே அடுத்த மாசமே வந்தீங்க. இப்பத் தோத்துட்டேன், போறேங்கீங்க. நான் மட்டும் இருந்தாப் போதாதாப்பா?"ன்னா.

என்ன கேள்வி பாருங்க இது. படிச்ச பிள்ள கேக்குற கேள்வியா? அப்பல்லாம் உண்மையிலயே கட்சி வேல இருந்துச்சு, நான் என்ன பொய்யா சொன்னேன்?

அவ அழுதா. சட்டம் போனப்ப அழாதவ, தோத்தப்ப அழாதவ, அந்த வாசல்ல நின்னு, போற வாற சனமெல்லாம் பாக்க, சின்னப் பிள்ள மாதிரி அழுதா. நேரமாச்சும்மா, விமானத்த விட்டுருவேன்னு சொல்லிட்டுக் கைய உருவிக்கிட்டு உள்ள வந்துட்டேன். அப்ப விமானத்துக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்துச்சு, அண்ணாச்சி.